எம்எக்ஸ்-5 கதவில் போட்ட ட்வீட்டர் தகராறு செய்தால்

"ட்வீட்டர் செத்துப்போச்சு, புதுசு எது வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்றுதான். (ட்வீட்டர் என்பது உயர்ந்த ஒலிகளை மட்டும் பாடும் சின்ன ஸ்பீக்கர்.) லண்டனில் என்னிடமும் என் நண்பர்கள் சிலரிடமும் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. எல்லாக் கதவுகளையும் ஒருமுறையாவது கழற்றிப் பார்த்துவிட்டேன், சில கதவுகளை நாலைந்து முறை. உண்மையிலேயே செத்த ட்வீட்டர் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கீல் பக்கம் முறிந்த வயர், தவறாக மாட்டிய கெப்பாசிட்டர் (தாழ்ந்த ஒலிகள் ட்வீட்டருக்குப் போகாமல் தடுக்கும் சின்ன உறுப்பு), ஹெட் யூனிட்டில், அதாவது டாஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டியில், யாரோ தெரியாமல் தொட்ட செட்டிங்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது முதல் தலைமுறைக் கார், அதாவது 1989 முதல் 1997 வரை வந்தது, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றது. ஸ்பீக்கர் கதவின் அடியில், முழங்காலுக்கும் கீழே இருக்கிறது. கூரையை மடித்துவிட்டு வேகமாகப் போனால் தாளத்தின் 'திம் திம்' மட்டும் காதில் விழும், பாட்டின் சொற்கள் காற்றோடு போய்விடும். அதனால்தான் எல்லோரும் கதவுப் பேனலின் மேல் முன் மூலையில் ஓட்டை போட்டு ட்வீட்டர் வைக்கிறார்கள். வேறு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடம் ஒன்று உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

## கைவைப்பதற்கு முன்

ஒரு சாதாரண மல்டிமீட்டர், பேனல் நெம்பும் பிளாஸ்டிக் பட்டை, பழைய துணி, துணி டேப், இவை போதும். ஸ்க்ரூடிரைவர் மட்டும் கவனம். ஜப்பானியக் கார்களின் ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். வகை. பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலவே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதில் சரியாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். முப்பது வருடத் துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பேனல் வேலையைப் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள், பாட்டு ஓடவேண்டிய சோதனைகளுக்கு மட்டும் திரும்ப மாட்டுங்கள். முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரி பானட்டுக்குள் இருக்காது, டிக்கியில் இருக்கும்.

கண்ணாடியைச் சுற்றி இறக்கும் கைப்பிடி உங்கள் காரில் இருந்தால், அதற்குப் பின்னால் வளைந்த கம்பி க்ளிப் ஒன்று பிடித்திருக்கும். கைப்பிடிக்கும் பேனலுக்கும் நடுவே துணியை நுழைத்து, செருப்பு துடைப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் க்ளிப் துள்ளி விழும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றைத் தேடி அரை நாள் தொலைத்திருக்கிறேன். கைப்பிடிக் குழியிலும் கைதாங்கியிலும் உள்ள ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, ஓரத்து க்ளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, பேனலை மேல்நோக்கித் தூக்குங்கள். பேனல் வெறும் அட்டைப்பலகைதான், மேலே வினைல் போர்த்தியிருக்கும். க்ளிப்புக்கு நேராக நெம்பாமல் நடுவில் நெம்பினால் அட்டை கிழிந்து க்ளிப் ஓட்டை அகன்றுவிடும். பிறகு ஆயுளுக்கும் அந்தக் கதவு கடகடக்கும்.

## ஒரு பக்க ட்வீட்டரில் மட்டும் சத்தமே இல்லை

பேனலைக் கழற்றாமலே செய்யக்கூடிய சோதனை: ஹெட் யூனிட்டில் பேலன்ஸை (இடது, வலது ஒலிப் பங்கீடு) முழுக்க அந்தப் பக்கம் திருப்புங்கள். அதே கதவின் கீழ் ஸ்பீக்கர் பாடுகிறதா?

கீழ் ஸ்பீக்கரும் பாடவில்லை. அப்படியென்றால் கோளாறு ட்வீட்டரில் இருக்க வாய்ப்பு குறைவு. ஹெட் யூனிட்டின் பின்னால் இருக்கும் இணைப்பு, அல்லது கதவுக்குப் போகும் வயர். ஹெட் யூனிட்டை வெளியே இழுத்து, இடது வலது முன் ஸ்பீக்கர் வயர்களைத் தற்காலிகமாக மாற்றி இணையுங்கள். வெளியில் வாங்கும் ஹெட் யூனிட்டுகளில் வெள்ளை ஜோடி இடது முன், சாம்பல் ஜோடி வலது முன். கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். மாற்றியதும் ஊமைப் பக்கமும் மாறினால் ஹெட் யூனிட்டில் பிரச்சினை. மாறாமல் அதே கதவு ஊமையாக இருந்தால் வயர். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

கீழ் ஸ்பீக்கர் பாடுகிறது, ட்வீட்டர் மட்டும் ஊமை. இப்போது பேனலைக் கழற்றலாம். ட்வீட்டருக்கு வயர் எங்கிருந்து பிரிகிறது என்று பாருங்கள். கீழ் ஸ்பீக்கரின் முனையிலிருந்து பிரித்திருந்தால் அந்தக் கனெக்டரை இழுத்துப் பாருங்கள். கிரிம்ப் செய்யாமல், அதாவது உலோக முனையில் நசுக்கி இறுக்காமல், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புதான் பல கார்களில் குற்றவாளி. கதவு தினமும் அடித்து மூடப்படும் பொருள், முறுக்கிய வயர் அதில் ஒரு வருடம் தாங்கினாலே பெரிது.

இணைப்பு உறுதியாக இருந்தால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ட்வீட்டரை அளக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். வயரின் நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், சில சமயம் டேப்புக்குள் ஒளிந்திருக்கும். கெப்பாசிட்டர் டி.சி.யை (ஒரே திசை மின்னோட்டம்) விடாது. மீட்டர் அளப்பதோ டி.சி.யில். ஆகவே கெப்பாசிட்டருக்கு முன்னால் வைத்து அளந்தால், உயிரோடிருக்கும் ட்வீட்டரும் 'ஓப்பன்' (இணைப்பு அறுந்தது) என்றுதான் காட்டும். என் நண்பர் ஒருவர் இப்படி அளந்து, செத்துவிட்டது என்று முடிவுகட்டி, இன்னொரு ஜோடி வாங்கி, பழையதைக் குப்பையில் போட்டார். புதியதும் பாடவில்லை. கோளாறு ஐந்து பென்ஸ் பெறாத ஒரு கனெக்டரில் இருந்தது.

சரி, எப்படி அளப்பது? ட்வீட்டரின் வயரை இணைப்பிலிருந்து கழற்றிவிட்டு, கெப்பாசிட்டரைத் தாண்டி, ட்வீட்டரின் சொந்த முனைகளிலேயே மீட்டரை வையுங்கள்.

3 முதல் 4 ஓம் வரை காட்டினால் 4 ஓம் ட்வீட்டர் நன்றாக இருக்கிறது என்று பொருள். கெப்பாசிட்டரையோ கிராஸ்ஓவர் பெட்டியையோ (உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் தாழ்ந்த ஒலியைக் கீழ் ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) சந்தேகப்படுங்கள். அடுத்த கதவின் கெப்பாசிட்டரை இங்கே கொண்டுவந்து மாட்டிப் பார்ப்பதுதான் செலவில்லாத சோதனை. முனைகளிலேயே 'ஓப்பன்' வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிட்டது, ட்வீட்டர் போய்விட்டது. மூக்கை வைத்துப் பாருங்கள், கருகிய வாடை அடிக்கும். இந்த நிலையில் புதியது வாங்கலாம், ஆனால் கடைசிக்கு முந்தைய தலைப்பைப் படிக்காமல் மாட்டாதீர்கள்.

சமிக்ஞை வருகிறதா என்று மீட்டரின் ஏ.சி. அளவில் பார்க்கச் சொல்வார்கள். விலை குறைந்த மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50, 60 ஹெர்ட்ஸை அளக்கச் செய்தவை, ட்வீட்டருக்குப் போகும் பல ஆயிரம் ஹெர்ட்ஸை அவை சரியாகக் காட்டாது. வேலை செய்யும் ட்வீட்டர் ஒன்றைக் கெப்பாசிட்டரோடு அங்கே தொட்டுக் கேட்பதே நம்பகமான மீட்டர்.

## கதவைத் திறந்து மூடினால் வருகிறது, போகிறது

இதில் துப்பறிய ஒன்றுமில்லை. கீல் பக்கத்தில், காரின் பாடிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அதற்குள் வயர் முறிந்திருக்கிறது, அல்லது முறிந்துகொண்டிருக்கிறது. வெளி உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

உறுதிப்படுத்த: ஹெட் யூனிட் பக்கம் வயரைக் கழற்றி, மீட்டரைக் கண்டினியூட்டியில் (வயர் அறாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, ஒரு முனையை அங்கும் மறு முனையைக் கதவுக்குள் இருக்கும் அதே வயரிலும் வையுங்கள். மீட்டர் வயர் எட்டாது, ஒரு நீள வயரைத் துணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரைக் கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். பீப் சத்தம் விட்டுவிட்டு வந்தால் முடிந்தது கதை.

கூடவே இன்னொன்று. ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரையும் காரின் இரும்போடு வைத்து அளந்து பாருங்கள். பீப் வரவே கூடாது. வந்தால் வயர் எங்கோ நசுங்கி இரும்பைத் தொடுகிறது. பேனல் ஸ்க்ரூ வயர் வழியாக ஏறியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பழுது பார்ப்பது என்றால் குழாய்க்குள் ஒட்டுப்போட வேண்டாம். மடங்கும் இடத்தில் போட்ட ஒட்டு மறுபடி அங்கேயே அறும், சால்டர் வைத்து விறைப்பாக்கினால் இன்னும் சீக்கிரம் அறும். முழு நீளத்துக்குப் புதிய வயர் இழுங்கள். 0.75 அல்லது 1 சதுர மி.மீ., நுண்ணிய இழைகள் கொண்ட சுத்தச் செம்பு வயர். மலிவாகக் கிடைக்கும் செம்புப் பூச்சு அலுமினிய வயர் வளைந்து வளைந்து சீக்கிரம் ஒடியும். அதை டிக்கிக்கு வேண்டுமானால் ஓட்டுங்கள், கதவுக்கு வேண்டாம்.

குழாய்க்குள் வயரை நுழைப்பதுதான் பாடு. ரப்பரை இரு முனையிலும் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தை லேசாகத் தடவி, விறைப்பான கம்பி ஒன்றை முதலில் அனுப்பி அதன் வாலில் வயரைக் கட்டி இழுங்கள். குளிர்காலத்தில் செய்யாதீர்கள், பழைய ரப்பர் கல்லாக இருக்கும், கிழிந்துவிடும். கதவை முழுக்கத் திறந்து, வயரில் கொஞ்சம் தளர்வு விட்டு, அப்புறம் ரப்பரை உட்காரவையுங்கள்.

ரப்பர் குழாய்க்குப் பதிலாகப் பல பின் கொண்ட அச்சுப் பிளக் இருக்கும் கார்களில் இந்த வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவதே மேல். அந்தப் பிளக்கைத் துளைத்து வயர் விட்டவர்கள் பவர் விண்டோவையும் சேர்த்து இழந்திருக்கிறார்கள்.

## இரண்டு பக்கமும் ஊமை

இரண்டு ட்வீட்டரும் ஒரே நாளில் சாவது அபூர்வம். ஹெட் யூனிட்டின் செட்டிங்கைப் பாருங்கள். யாராவது ஃபேடரைப் (முன், பின் ஒலிப் பங்கீடு) பின்பக்கம் தள்ளியிருப்பார்கள், முன் ஸ்பீக்கருக்கு லோ பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் செட்டிங்) வைத்திருப்பார்கள், அல்லது ட்ரெபிள் (உயர்ந்த ஒலியின் அளவு) அடியில் கிடக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகு செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போவதும் உண்டு. தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) இருந்தால் அதன் ஃபியூஸ், பிறகு ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்பை எழுப்பும் நீல-வெள்ளை வயர். அந்த வயரில் ஹெட் யூனிட் இயங்கும்போது 12 வோல்ட் அளவு இருக்க வேண்டும்.

## நன்றாகப் பாடிக்கொண்டே இருந்து திடீரென அடங்குகிறது, கொஞ்ச நேரம் கழித்து வருகிறது

சத்தத்தைக் கூட்டி வைத்து ஓட்டும்போது மட்டும் இது நடக்கிறதா? ட்வீட்டர் மட்டும் அடங்கி, கீழ் ஸ்பீக்கர் தொடர்ந்து பாடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் இது கோளாறே இல்லை. செட்டாக வாங்கும் ட்வீட்டர்களின் கிராஸ்ஓவர் பெட்டிகள் பலவற்றில், அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால் சூடாகித் தடுக்கும் பாதுகாப்பு உறுப்பு ஒன்று இருக்கும். ஆறியதும் தானாக வழிவிடும். அதைச் சுற்றிவளைத்து நேராக இணைத்து 'சரிசெய்து' கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வாரம் ட்வீட்டர் எரியும். சத்தத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் கிராஸ்ஓவர் அதிர்வெண்ணை, அதாவது ட்வீட்டர் பாடத் தொடங்கும் எல்லையை, ஏற்றுங்கள்.

## ஹெட் யூனிட்டே அணைந்துபோகிறது அல்லது 'ப்ரொடெக்ட்' காட்டுகிறது

ட்வீட்டர் மாட்டிய அன்றே இது தொடங்கினால் உங்கள் வயரிங்தான் காரணம். மூன்று இடங்கள்.

முதலாவது, நெகட்டிவை இரும்பில் இணைத்திருப்பது. "நெகட்டிவ்தானே, கிரவுண்டில் வைத்தால் என்ன" என்று நினைப்பது இயல்பு. இன்றைய ஹெட் யூனிட்டுகளில் ஸ்பீக்கர் நெகட்டிவும் ஆம்பின் வெளியீடுதான், கிரவுண்ட் கிடையாது. இரும்பைத் தொட்டால் ஷார்ட். நல்ல ஹெட் யூனிட் அணைந்து தன்னைக் காத்துக்கொள்ளும், மட்டமானது புகைவிடும். இடது வலது நெகட்டிவ்களை ஒன்றாக முறுக்கிவிடுவதும் இதே தப்புதான்.

இரண்டாவது, நசுங்கிய வயர். மேலே சொன்ன பீப் சோதனை.

மூன்றாவது, கெப்பாசிட்டரே இல்லாமல் ட்வீட்டரைக் கீழ் ஸ்பீக்கருக்கு இணையாக மாட்டியிருப்பது. 4 ஓமும் 4 ஓமும் இணையாகச் சேர்ந்தால் 2 ஓம். பெரும்பாலான ஹெட் யூனிட்டுகள் 4 ஓமுக்குக் கீழே இறங்க விரும்பாது. கெப்பாசிட்டர் இருந்தால் தாழ்ந்த ஒலிகளில் ட்வீட்டர் சுமை ஆகாது, ஹெட் யூனிட் தப்பிக்கும்.

மூன்றும் சரி, இன்னும் அணைகிறது என்றால் ஒரு சோதனை மிச்சம். ஹெட் யூனிட்டை ஓடவிட்டு, பாட்டு இல்லாமல், டி.சி. வோல்ட்டில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் இரும்புக்கும் இடையே பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, 6 வோல்ட்டை ஒட்டி வரும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே மில்லிவோல்ட் கணக்கில்தான் வர வேண்டும். அங்கே ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று நின்றால் உள்ளே ஒலியைப் பெருக்கும் ஆம்ப் சில்லு போய்விட்டது. உடனே ஸ்பீக்கர்களைக் கழற்றுங்கள். கெப்பாசிட்டருக்குப் பின்னால் இருக்கும் ட்வீட்டர் பிழைக்கும், கீழ் ஸ்பீக்கர் வெந்துவிடும். இதற்குமேல் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர் வேலை. பல சமயம் இன்னொரு ஹெட் யூனிட் வாங்குவது மலிவாக முடியும்.

## காதைக் கிழிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். 'ஸ' ஒலி வரும் இடமெல்லாம் ஊசி குத்துகிறது, அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது. காசு செலவில்லாத வழியிலிருந்து வருகிறேன்.

கூரையை மூடிக்கொண்டு கேட்கிறீர்களா, திறந்துகொண்டா? திறந்த கூரைக்கு ஏற்ப ஏற்றிவைத்த ட்ரெபிள், மூடியதும் காதில் அறையும். ஹெட் யூனிட்டில் இரண்டு ஈக்வலைசர் அமைப்பைச் சேமித்துவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பாதிப் புகார் இத்தோடு தீரும்.

அடுத்தது, ட்வீட்டர் எங்கே பார்க்கிறது? உயர்ந்த ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்க்கோட்டில் போகும். இரண்டு இருக்கைக் காரில் ஓட்டுநர் பக்க ட்வீட்டர் முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் நிற்கிறது. அது நேராக உங்கள் காதைப் பார்த்தால் குத்தாமல் என்ன செய்யும்? இரண்டையும் திருப்பி, ஒவ்வொன்றும் எதிர்ப்பக்க இருக்கையின் தலைதாங்கியைப் பார்க்கும்படி வையுங்கள். சாய்வான கிண்ணத்தில் பொருத்தினால் திருப்ப முடியும், தட்டையாகப் பதித்திருந்தால் முடியாது. நிரந்தரமாக ஓட்டை போடுவதற்கு முன் ஒரு வாரம் டேப்பில் ஒட்டிவைத்துக் கேட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான். யாரும் கேட்பதில்லை, அது வேறு.

கிராஸ்ஓவர் பெட்டி இருந்தால் அதில் 0, -3 என்று ட்வீட்டர் அளவைக் குறைக்கும் ஜம்பர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் -3க்கு மாற்றுங்கள்.

வெறும் கெப்பாசிட்டர் மட்டும் என்றால் அதன் மதிப்பைப் படியுங்கள். 4 ஓம் ட்வீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 4,000 ஹெர்ட்ஸிலிருந்தே வேலை தொடங்கும். 6.8 என்றால் 5,900, 4.7 என்றால் 8,500, 3.3 என்றால் 12,000 அளவு. கத்தும் காரில் 10 இருந்தால் 6.8 அல்லது 4.7க்கு மாறுங்கள். கெப்பாசிட்டர் பிளஸ் மைனஸ் இல்லாத பைபோலார் அல்லது ஃபிலிம் வகையாக இருக்க வேண்டும். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் போட்டால் நாளடைவில் கெட்டுவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ரெசிஸ்டர்: 1.2 ஓம் ட்வீட்டருக்குத் தொடராக, 10 ஓம் ட்வீட்டரின் இரு முனைக்கும் குறுக்கே. கெப்பாசிட்டருக்கும் ட்வீட்டருக்கும் நடுவில் இந்த ஜோடி உட்கார வேண்டும். சுமார் 3 டெசிபல் இறங்கும், கிராஸ்ஓவர் புள்ளி நகராது. 5 வாட் ரெசிஸ்டர் வாங்குங்கள், சூடாகும் என்பதால் வினைலைத் தொடாமல் கட்டுங்கள்.

மொட்டையாக ஒரே ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போடுபவர்கள் கவனிக்க: அது சத்தத்தைக் குறைத்துக்கொண்டே கிராஸ்ஓவரைக் கீழே இறக்கிவிடும், ட்வீட்டருக்குச் சுமை கூடும்.

## பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை

சத்தம் இருக்கிறது, ஆனால் குரல் நடுவில் நிற்காமல் பரவலாக, வெறுமையாக இருக்கிறது. ஒரு ட்வீட்டரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் வயரை மாற்றி மாட்டி, குரல் மட்டும் உள்ள பாட்டு ஒன்றைக் கேளுங்கள். எந்த நிலையில் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு வருகிறதோ அது சரி.

இரண்டும் ஒத்துப்போன பிறகும் குரலில் பள்ளம் விழுந்த மாதிரி இருந்தால், இரண்டு ட்வீட்டரையும் சேர்த்தே தலைகீழாக மாற்றிப் பாருங்கள். '12 டெசிபல்' என்று குறிப்பிட்ட கிராஸ்ஓவர் சிலவற்றுக்கு அதுதான் சரியான இணைப்பு. டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் காதுக்கு ஒரே நேரத்தில் வரச் செய்யும் வசதி) உள்ள ஹெட் யூனிட் என்றால் காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் வைத்து அளந்து போடுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம்.

## ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க விசில் அடிக்கிறது

எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தருவது) இரைச்சல். ட்வீட்டர் அதை உண்டாக்கவில்லை, இதுவரை கேட்காததைக் கேட்கவைக்கிறது.

ஹெட் யூனிட்டின் கறுப்பு வயர், அதாவது கிரவுண்ட், எங்கே இணைந்திருக்கிறது? பெயிண்ட் மேல் ஸ்க்ரூ போட்டிருந்தால் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்குங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த இடத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேட்டரி டிக்கியில் இருப்பதால் நீள வயர் ஒன்று தேவைப்படும்.

ஆம்ப் இருந்தால், ஹெட் யூனிட்டிலிருந்து அதற்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிள்களை ஆம்ப் முனையில் கழற்றுங்கள். விசில் நின்றால் கேபிள் வழியாகவோ ஹெட் யூனிட்டிலிருந்தோ வருகிறது, கேபிளைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லையா? ஆம்பின் கிரவுண்ட், அல்லது கெயினை (ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற செட்டிங்) அளவுக்கு மேல் திறந்துவைத்திருக்கிறீர்கள். இரைச்சல் ஃபில்டர் வாங்குவது கடைசி வழி, நான் இதுவரை வாங்கியதில்லை.

## கதவு கடகடக்கிறது

ட்வீட்டரால் கதவை அதிரவைக்க முடியாது, அதற்கு அவ்வளவு தெம்பு இல்லை. கீழ் ஸ்பீக்கர் அதிரும்போது நீங்கள் புதிதாக விட்ட வயரும், தொங்கும் கிராஸ்ஓவர் பெட்டியும், உடைந்த க்ளிப்பும்தான் ஆடுகின்றன. போனில் 40 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு, பேனலை இடம் இடமாகக் கையால் அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அங்கே கழற்றிப் பார்க்கலாம். வயரைத் துணி டேப்பால் பொதியுங்கள், உடைந்த க்ளிப்பை மாற்றுங்கள். ஈரத்தில் ஊறி உப்பிய அட்டைப் பேனல் என்றால் எந்த டேப்பும் உதவாது.

## கண்ணாடி பாதியில் நிற்கிறது, உரசுகிறது

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் முதல் காரில் நானே செய்தது. கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு ஆழம் பார்த்தேன், நிறைய இடம் இருந்தது. ஓட்டை போட்டு, ட்வீட்டரை இறுக்கி, பேனலை மாட்டி, கண்ணாடியை இறக்கினேன். கிறீச். ஆழத்தை அளக்க வேண்டியது கண்ணாடியை முழுக்க இறக்கிய பிறகு. துளை போடும்போது மட்டும் கண்ணாடி மேலே இருக்க வேண்டும், ட்ரில் முனை வழுக்கினால் கண்ணாடியில் படாமல் இருக்க.

உரசினால் உடனே நிறுத்துங்கள், பலத்தால் இறக்காதீர்கள். மெலிந்த வகை ட்வீட்டருக்கு மாறுவது, அல்லது பேனலுக்கு வெளியே உயர்த்திப் பொருத்தும் கிண்ணம் வாங்குவது. கண்ணாடி ஏற்கெனவே தடத்திலிருந்து விலகியிருந்தால் கதவு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள்.

## மழைக்குப் பிறகு மட்டும் கரகரக்கிறது

இந்த ஊரில் இதை எழுதாமல் இருக்க முடியாது. கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு, கண்ணாடி ஓரமாக இறங்கி அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். பேனலுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அந்த ஈரத்தைத் தடுக்கும் சுவர். ட்வீட்டர் போடும் அவசரத்தில் அதைக் கிழித்து, திரும்ப ஒட்டாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு கிராஸ்ஓவர் பெட்டி நனையும், கனெக்டர் பச்சை பூக்கும், பேனல் உப்பும், தரைவிரிப்பில் நாற்றம் வரும்.

கதவின் அடித் துளைகளில் ஒரு குச்சியை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். தாளைப் பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டுங்கள், கிழிசலுக்குத் தடிமனான பாலித்தீன் போதும். கிராஸ்ஓவர் பெட்டி தாளுக்கு உள்பக்கம், அதாவது இருக்கைப் பக்கம் வர வேண்டும். வயர் தாளைத் துளைக்கும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கித் தொங்கி, பிறகு மேலேற வேண்டும். சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும்.

## மாற்றிய ட்வீட்டர் மறுபடியும் எரிகிறது

முதலில் எரிந்ததன் காரணம் இன்னும் காரிலேயே இருக்கிறது. கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கழற்றி அளக்கும்போது மீட்டர் ஒரு கணம் அசைந்து 'ஓப்பன்' ஆக வேண்டும், ஓம் காட்டிக்கொண்டே நின்றால் போய்விட்டது. ஹெட் யூனிட்டில் 'நெட்வொர்க்' வகை அமைப்பு (உயர்ந்த ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் ஹெட் யூனிட்டே பிரித்து அனுப்புவது) இருந்து, ட்வீட்டர் நேராக அதில் இணைந்திருந்தால் ஹை பாஸ் (உயர்ந்த ஒலியை மட்டும் விடும் எல்லை) எங்கே நிற்கிறது என்று பாருங்கள். யாராவது தவறுதலாக இறக்கியிருந்தால் முழுத் தாளமும் அந்தச் சின்ன ட்வீட்டருக்குப் போகும். இந்த அமைப்பிலும் பாதுகாப்புக்கு ஒரு பெரிய கெப்பாசிட்டரைத் தொடராக விடுவது என் வழக்கம்.

இவை சரியென்றால் குற்றம் சத்தக் குமிழில். பெட்டியில் '50 வாட் x 4' என்று எழுதியிருந்தாலும், 14.4 வோல்ட்டில் இயங்கும் ஹெட் யூனிட்டின் சொந்த ஆம்ப் 4 ஓமில் சுத்தமாகத் தருவது 20 வாட்டை ஒட்டித்தான். அதற்குமேல் திருகினால் அலை தலைவெட்டப்பட்டு, அந்த வெட்டிலிருந்து பிறக்கும் உயர் அதிர்வெண் அத்தனையும் ட்வீட்டருக்குப் போகிறது. கூரை திறந்த காரில் காற்றோடு போட்டி போட்டுத் திருகுவோம், அதனால்தான் இந்தக் கார்களில் இது அதிகம். சின்ன ஆம்ப் ஒன்று போட்டால் ட்வீட்டர் பிழைக்கும். 'வாட் கூடினால் எரியுமே' என்பார்கள், தலைவெட்டிய 20 வாட்டைவிடச் சுத்தமான 40 வாட் பாதுகாப்பானது.

## இந்த வழிமுறை பொருந்தாத கார்கள்

மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் கனெக்டரோ கதவுக்குள் தென்பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. மீட்டரை அதில் வைக்கவே கூடாது. புதிய கார்கள் சிலவற்றில் பக்க மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது, கதவில் போடும் ஓட்டையும் கிழிந்த தாளும் அதைக் குழப்பலாம். அந்தக் கதவில் துளை போடும் முன் அந்த மாடல் தெரிந்தவரிடம் கேளுங்கள். ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டால் ஓட்டிப் பார்க்காமல் நேராகக் கொண்டுபோங்கள்.

போஸ் அமைப்போடு வந்த பிந்தைய எம்எக்ஸ்-5களில் தனி ஆம்ப் இருக்கும், ஸ்பீக்கர்களின் ஓமும் பெரும்பாலும் நாலுக்குக் கீழே. கடையில் வாங்கிய 4 ஓம் ட்வீட்டரை அங்கே அப்படியே மாட்டினால் சத்தம் சோனியாக இருக்கும். ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றில் ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்கு ஒளியிழை போகிறது, ஆம்புக்கு முன்னால் வெட்டி ஒட்ட வயரே கிடையாது. இந்த இரண்டு வகைக்கும் பேனலைக் கழற்றும் முன்பே கார் ஆடியோ தொழில் தெரிந்த ஒருவரைப் பார்த்துவிடுங்கள். போகும்போது கழற்றிய க்ளிப் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், மாற்று க்ளிப் கேட்க அளவு காட்ட உதவும்.